வாய்க்குள் புண், வெள்ளைப் படை, எரிச்சல்: எதைப் பொறுக்கலாம், எதற்கு ஓடணும்? ஒரு முழுமையான வழிகாட்டி

"சிரசுக்கு முன்னாடி வந்த புண்ணு டாக்டர். சூடுதான். மணத்தக்காளி சாப்ட்டுகினுதான் கீறேன், ஆற மாட்டேங்குது."

நான் குடியாத்தத்தில் பல் மருத்துவம் பார்க்கிறேன். எங்கள் ஊரில் சிரசு என்றால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வைகாசி முதல் தேதி. அந்த அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததோ ஆடி இரண்டாம் வெள்ளி. விரல் விட்டு எண்ணினால் பத்து வாரம். அதற்குள் மெடிக்கல் ஷாப்பில் பி காம்ப்ளெக்ஸ் நாலு அட்டை, வாய்ப்புண் ஜெல் ரெண்டு ட்யூப், பக்கத்து வீட்டு ஆயா இழைத்துக் கொடுத்த மாசிக்காய் எல்லாம் ஆகிவிட்டிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலியே இல்ல டாக்டர், அதான் வரல."

வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று பாலாற்றங்கரை ஊர்களில் வாய்க்குள் எது வந்தாலும் பெயர் ஒன்றுதான்: சூடு. வேலூரையே வெயிலூர் என்று கிண்டல் செய்கிறவர்கள் நாம். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல், தூக்கம் கெட்டு, வாய் காய்ந்து கிடந்தால் புண் வரத்தான் செய்யும். சூடு என்று சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த ஒரே பெயருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு நோய்கள் ஒளிந்துகொள்கின்றன. அவற்றில் சில ஒரு வாரத்தில் தானே போய்விடும், சில உயிரையே கேட்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஸ்கேன் தேவையில்லை. ஒரு காலண்டர், ஒரு கண்ணாடி, செல்போன் டார்ச், ஒரு சுத்தமான பருத்தித் துணி போதும்.

படி 1: தேதி போடுங்கள்

வாயின் உள்சவ்வு வெளித்தோலைவிட வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். கொதிக்கக் கொதிக்கக் காபி குடித்து உரிந்துபோன மேல்வாய் சில நாளில் சரியாகிவிடுவது அதனால்தான். சாதாரண வாய்ப்புண் 7 முதல் 14 நாளில் ஆறிவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டதும் அந்தக் கணக்குக்குள்தான் வரும்.

எனவே, காரணத்தை நீக்கிய பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், மருத்துவர் கண்ணில் பட்டாக வேண்டும். பல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் யாராக இருந்தாலும் சரி.

புண்ணை முதலில் கவனித்த அன்றே வீட்டுத் தினசரி காலண்டரில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். "போன வாரமா, அதுக்கு முந்தின வாரமா" என்று வீட்டில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில் வரும். பிறகு செல்போனில் ஒரு படம். நாலு நாளுக்கு ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே தூரத்தில் இன்னொன்று. புண் சுருங்குகிறதா விரிகிறதா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தப் படங்களைக் காட்டினால் என் வேலை பாதி முடிந்தது.

படி 2: வாயை முழுசாகப் பாருங்கள்

மாதம் ஒருமுறை, இரண்டு நிமிஷ வேலை. மறக்காமல் இருக்க அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட், பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவர்களும் மதுப் பழக்கம் உள்ளவர்களும் கட்டாயம் செய்ய வேண்டும்.

வாயைக் கொப்பளித்து, பல் செட் இருந்தால் கழற்றி வையுங்கள். கீழ் உதட்டை வெளியே மடித்து உள்பக்கம் பாருங்கள், பிறகு மேல் உதடு. ஒரு விரலால் கன்னத்தை இழுத்து, கடைவாய்ப் பல் வரைக்கும் டார்ச் அடியுங்கள். புகையிலை அடக்குகிறவர்கள் வழக்கமாக எந்த மூலையில் வைப்பார்களோ அந்த இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நம் நாட்டில் கன்னத்தின் உள்பக்கமும் அதையொட்டிய ஈறும் வாய்ப் புற்றுநோய் அதிகம் வருகிற இடங்கள்.

அடுத்தது நாக்கு. மேல்பக்கத்தைப் பார்த்தால் போதாது. நுனியைத் துணியால் பிடித்து வலப்பக்கம் இழுத்து இடது ஓரத்தையும், இடப்பக்கம் இழுத்து வலது ஓரத்தையும் பின்னால் வரை பாருங்கள். நுனியை மேல்வாயில் ஒட்டினால் நாக்கின் அடிப்பக்கம் தெரியும். கடைசியாகத் தலையை அண்ணாந்து 'ஆ' சொன்னால் மேல்வாய், உள்நாக்கு.

பார்த்த இடத்தையெல்லாம் கழுவிய விரலால் தடவியும் பாருங்கள். புண் மெத்தென்று இருக்கிறதா, கொட்டாங்குச்சி ஓரம்போல் கட்டியாக இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். தாடைக்குக் கீழும் கழுத்தின் இரண்டு பக்கமும் தடவி, உருண்டை ஏதாவது தட்டுப்படுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 3: பார்த்துப் பயப்பட வேண்டாதவை

முதல்முறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அன்று ராத்திரியே போன் செய்கிறவர்கள் உண்டு. நாக்கின் மேல்பக்கத்தில், தொண்டையை ஒட்டிய பின்பகுதியில் வரிசையாகப் பெரிய பொட்டுகள் இருக்கும். எல்லோருக்கும் உண்டு, சுவை மொட்டுகள் இருக்கிற இடம் அது. கன்னத்தின் உள்ளே ரவை தூவியதுபோல் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள். பற்கள் சேருகிற மட்டத்தில் கன்னத்தில் ஓடும் வெள்ளைக் கோடு பல் உரசி வந்தது. ஈறு கறுத்திருப்பது நம் நிறத்துக்கு இயல்பு, அதைத் தேய்த்து வெளுக்க வைக்க வேண்டியதில்லை. நாக்கில் சிவப்புத் திட்டுகள் வெள்ளை விளிம்போடு வந்து, நாலு நாளில் இடம் மாறி, வரைபடம்போல் தெரிந்தால் அதுவும் தொந்தரவில்லாதது. காரம் பட்டால் சுரீரென்கும், அவ்வளவுதான்.

கீழ் உதட்டுக்குள் திராட்சைபோல் நீலமாக ஒரு நீர்க்குமிழி வந்து, உடைந்து, திரும்பத் திரும்ப வருகிறதா? உதட்டைக் கடித்ததில் எச்சில் சுரப்பியின் குழாய் அறுந்து எச்சில் தேங்கி நிற்கிறது. ஆபத்தில்லை. திரும்ப வராமல் இருக்க அந்தச் சுரப்பியோடு எடுத்துவிட வேண்டும்.

படி 4: புண் என்றால், எந்தப் புண்?

சாதாரண வாய்ப்புண் வட்டமாக, நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளை, சுற்றிலும் சிவப்பு வளையம் என்று இருக்கும். உதட்டுக்குள், கன்னம், நாக்கின் நுனி மாதிரி அசைகிற, மெத்தான இடங்களில் வரும். அளவு சின்னது, வலி பெரியது. பரீட்சை நேரம், ராத்திரி ஷிஃப்ட், மாதவிலக்கு நெருங்கும் நாட்கள் இவற்றோடு சேர்ந்து வருவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். நுரை தருவதற்காகப் பற்பசையில் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அடிக்கடி புண் வருகிறவர்கள் அது இல்லாத பற்பசைக்கு மாறி இரண்டு மாதம் பார்க்கலாம்.

வைத்தியம் எளிது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளியுங்கள். ஊறுகாய், மிளகாய், சிப்ஸ் சில நாள் வேண்டாம். மோர், இளநீர், குழைந்த சாதம், மணத்தக்காளிக் கீரை தாராளமாகச் சாப்பிடலாம். மணத்தக்காளிக்கு நான் எதிரியில்லை, பத்து வாரம் அதையே நம்பி இருப்பதற்குத்தான் எதிரி. சாப்பிட முடியாத வலி இருந்தால் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைச் சாப்பாட்டுக்கு முன் தடவலாம். கோலின் சாலிசிலேட் கலந்த ஜெல் 16 வயதுக்குக் கீழ் வேண்டாம். ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு பசையை டாக்டர் சொன்னால் மட்டும், இரவு படுக்கும் முன், புண்ணை ஒற்றி உலர்த்திவிட்டு மெல்லிசாக வைக்க வேண்டும். ஹெர்பீஸ் என்ற வைரஸ் புண்ணின்மேல் இது பட்டால் தீயில் எண்ணெய் விட்ட கதைதான்.

மாதாமாதம் வந்துகொண்டே இருந்தால் கீரையை விட்டுவிட்டு ரத்தத்தைப் பாருங்கள். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் இந்த நாலும். நாக்கு வழவழவென்று சிவந்து, வாயோரம் வெடித்து, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற பெண்களிடம் ரத்தசோகைதான் முதலில் தென்படும். வாய்ப்புண்ணோடு பிறப்புறுப்பிலும் புண், கண் சிவப்பு என்றால் அது உடம்பு முழுசையும் தாக்குகிற வேறு நோயாக இருக்கலாம். டாக்டரிடம் இதையெல்லாம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

குழந்தைக்குக் காய்ச்சலோடு வாய் முழுக்கக் குட்டிக் குட்டிப் புண், ஈறு வீங்கிச் சிவப்பு என்றால் பெரும்பாலும் முதல்முறை வருகிற ஹெர்பீஸ். உள்ளங்கை, உள்ளங்காலிலும் கொப்புளம் இருந்தால் கை கால் வாய் நோய். இரண்டும் வைரஸ், ஒன்றிரண்டு வாரத்தில் போகும். எடைக்கேற்ற பாராசிட்டமால், குளிர்ந்த பால், தண்ணீர். பயப்பட வேண்டியது புண்ணுக்கு அல்ல, நீர்வற்றிப் போவதற்குத்தான். ஆறேழு மணி நேரமாகக் குழந்தை ஒன்றுக்குப் போகவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

பல் குத்துகிற புண்ணைப் பற்றிச் சொல்லும்போது என் தப்பையும் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர் வந்தார். உடைந்த கடைவாய்ப் பல், அது உரசுகிற இடத்திலேயே நாக்கில் புண். காரணம் கண்ணெதிரே இருக்கிறது என்று பல்லைத் தேய்த்து மழுக்கி அனுப்பினேன். "சரியாகலைன்னா வாங்க" என்றேன், தேதி சொல்லவில்லை. அவர் நாலு மாதம் கழித்து வந்தார். பல்லை மழுக்கியது சரி, பத்தாம் நாள் பார்க்காமல் விட்டது தப்பு. இப்போதெல்லாம் சீட்டில் தேதி எழுதி, வீட்டில் உள்ள ஒருவரின் போன் நம்பரும் வாங்கிக்கொண்டுதான் அனுப்புகிறேன். உங்கள் டாக்டர் தேதி சொல்லாவிட்டால் நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

படி 5: வெள்ளை என்றால், துடைத்துப் பாருங்கள்

சுத்தமான துணியை விரலில் சுற்றி, வெள்ளையாக இருக்கும் இடத்தை மெல்லத் துடையுங்கள்.

தயிர் ஏடுபோல் வழித்துக்கொண்டு வந்து, அடியில் சிவப்பாகத் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்று, கேண்டிடா. கைக்குழந்தை, சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள், பல் செட்டை ராத்திரியும் கழற்றாதவர்கள் இவர்களுக்கெல்லாம் வரும். பல் செட்டுக்கு அடியில் வெள்ளை இல்லாமல், செட்டின் அச்சு அப்படியே பதிந்ததுபோல் மேல்வாய் சிவந்தும் இருக்கலாம். க்ளோட்ரிமசோல் சொட்டு மருந்தோ நிஸ்டாட்டினோ டாக்டர் எழுதித் தருவார். வெள்ளை போன அன்றே நிறுத்திவிடாமல் சொன்ன நாள் வரைக்கும் போட வேண்டும். மருந்தைவிட முக்கியம் வேர்க்காரணம்: சுகரைப் பாருங்கள், இன்ஹேலர் இழுத்ததும் கொப்பளித்துத் துப்புங்கள், பல் செட்டை ராத்திரி கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போடுங்கள்.

மேற்சொன்ன எந்தக் காரணமும் இல்லாத இளைஞருக்குக் கேண்டிடா வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யச் சொல்வோம். அதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். 1986-ல் இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று உறுதியானதே, சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆய்வகத்தில் சோதித்தபோதுதான். இன்று அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாக, யாருக்கும் தெரியாமல் பார்க்கலாம். மருந்தும் இலவசம்.

துடைத்தும் போகவில்லை, ஆனால் வெள்ளைக் கோடுகள் சிக்குக் கோலம்போல் பின்னிக் கிடக்கின்றன, இரண்டு கன்னத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரி என்றால் லைக்கன் பிளேனஸாக இருக்கலாம். நடுவயதுப் பெண்களிடம் அதிகம். கோலம் மட்டும் இருந்து எரிச்சல் இல்லையென்றால் பெரும்பாலும் வைத்தியமே வேண்டாம், கண்காணித்தால் போதும். நடுவில் சிவந்து, உரிந்து, ரசம் பட்டாலே எரிகிறது என்றால் ஸ்டீராய்டு பசையோ, கொப்பளித்துத் துப்பும் மருந்தோ கொடுப்போம். இது தொற்றாது. வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறார்கள் என்று ஒரு மருமகள் அழுதார். மாமியாரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லி அனுப்பினேன். சிறு விழுக்காட்டினருக்குப் பல வருஷம் கழித்துப் புற்றாக மாறலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது காட்ட வேண்டும்.

துடைத்தும் போகாமல், கோலமும் இல்லாமல், சுண்ணாம்பு பூசிய சுவர்போல் ஒரு படை. அதுதான் லூக்கோபிளேக்கியா. வேறெந்த நோயின் கணக்கிலும் சேர்க்க முடியாத வெள்ளைப் படைக்குத்தான் இந்தப் பெயர். புகையிலை அடக்கும் மூலையிலும், பீடி பிடிப்பவர்களுக்கு வாயோரத்துக்குச் சற்று உள்ளேயும் பார்க்கலாம். இது புற்றுநோய் அல்ல, ஆனால் அந்தத் தெருவுக்குள் நுழைந்தாயிற்று. பழக்கத்தை விட்டால் சிலருக்குத் தானே மங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்கு நடுவே சிவப்புக் கலந்திருந்தாலோ, படை நாக்கின் ஓரத்திலோ அடியிலோ இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. வெள்ளையே இல்லாமல், வெல்வெட் துணிபோல் பளிச்சென்று சிவந்த திட்டு எல்லாவற்றையும்விட மோசம். அதைக் காட்டுவதற்கு இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இங்கே குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். "நான் பீடி பிடிக்க மாட்டேன் டாக்டர், சுத்தறது மட்டும்தான்." சரிம்மா, முறத்திலிருந்து ஒரு சிட்டிகை புகையிலை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வது? அதைப் பழக்கம் என்றே அவர்கள் நினைப்பதில்லை. பல்வலிக்கு வைத்தது, பிறகு அங்கேயே தங்கிவிட்டது.

படி 6: எரிச்சல், வாய் திறக்காமை: பாக்கின் வேலை

ஆம்பூர் பிரியாணி தெரிந்தவர்களுக்குத் தெரியும், சீரகச் சம்பா, காய்ந்த மிளகாய் விழுது, அப்படியொன்றும் காரம் கிடையாது. ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி, இருபத்தெட்டு வயசு, "ஒரு வருஷமா பிரியாணி எரியுது டாக்டர், தயிர்ப் பச்சடி மட்டும்தான் இறங்குது" என்று வந்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். என் இரண்டு விரல்தான் நுழைந்தது. கன்னத்தைத் தடவினால் உள்ளே கயிறு கட்டினதுபோல் செங்குத்தாக நார் ஓடுகிறது. மேல்வாய் பளிங்குபோல் வெளுத்திருந்தது. சட்டைப் பையில் பாக்குப் பொட்டலம். "புகையிலை இல்ல சார், வெறும் பாக்குதான்."

இந்த "வெறும்"தான் வினை. வாய்ச் சவ்வின் அடியில் நார் படர்ந்து இறுகுகிற இந்த நோயை 1952-ல், கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு விவரித்தவர் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர். காரணம் பாக்கு. அதிலுள்ள அரிகோலின் நார்த்திசுவை அதிகமாக உற்பத்தி செய்யத் தூண்டும், பாக்கிலுள்ள செம்பு அந்த நாரை இன்னும் இறுக்கும். புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிவித்துவிட்டது. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013-ல் தடை வந்தது. தடை பொட்டலத்துக்குத்தான் வந்தது, நாக்குக்கு வரவில்லை. கல்யாணத் தாம்பூலத்தில் வருஷத்துக்கு நாலு தடவை போடுகிற பாக்கைப் பற்றி நான் பேசவில்லை. ஒரு நாளைக்கு ஏழு, எட்டு பொட்டலம், மாவா (பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு கலந்தது), கன்னத்தில் வைத்துக்கொண்டே வண்டி ஓட்டுவது, அதைப் பற்றித்தான்.

வீட்டுச் சோதனை: உங்கள் கையின் மூன்று விரல்களை அடுக்கி, மேல்பல் கீழ்ப்பல் நடுவில் செங்குத்தாக நுழையுங்கள். மூன்றும் நுழைந்தால் சரி. இரண்டுதான் என்றால் வாருங்கள். அளவுகோலில் பெரியவர்களுக்கு 35 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. விசிலடிக்க முடியவில்லை, கன்னத்தை உப்ப முடியவில்லை, நாக்கை முழுசாக நீட்ட முடியவில்லை என்பதெல்லாம் அதே கதையின் அடுத்தடுத்த பக்கங்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன்: இறுகிய நார் பழையபடி இளகாது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம், எரிச்சல் நன்றாகவே குறையும். கன்னத்தில் போடும் ஊசிகள், மாத்திரைகள், முற்றிப்போனால் நாரை அறுத்துவிடும் ஆபரேஷன் எல்லாம் உண்டு, எதுவும் வாய்ப்பயிற்சி இல்லாமல் நிற்காது. பயிற்சிக்கு ஐஸ் குச்சி போதும். வலிக்காமல் எத்தனை குச்சி பல்லுக்கு நடுவில் அடுக்க முடிகிறதோ அத்தனை வைத்து, நடுவில் இன்னொன்றை மெல்லச் செருகி ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. அந்தத் தம்பி பதிமூன்று குச்சியில் தொடங்கினார், ஏழு மாதத்தில் பதினாறு. ஒவ்வொரு குச்சியும் ரெண்டு மில்லிமீட்டர் கனம், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பாக்கை ஒரே நாளில் விட முடியாதவர்கள் 1800-11-2356 என்ற இலவசத் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணில் பேசலாம்.

படி 7: அன்றைக்கே ஓட வேண்டியவை

வலிப்புக்கோ யூரிக் அமிலத்துக்கோ தரும் மாத்திரை, அல்லது சல்ஃபா வகை மாத்திரை புதிதாகத் தொடங்கிய சில வாரத்துக்குள் உதடு முழுக்க ரத்தப் பொருக்கு, வாய் வெந்து, கண் சிவந்து, காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பல் டாக்டரிடம் வந்து நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

முடக்குவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்கள் அதை வாரம் ஒருமுறைதான் சாப்பிட வேண்டும். சீட்டைச் சரியாகப் படிக்காமல் தினமும் போட்டுவிட்டு, வாய் முழுக்க வெந்துபோய் வருகிறார்கள். வாய்தான் முதல் எச்சரிக்கை, உள்ளே எலும்பு மஜ்ஜை அடிவாங்கிக்கொண்டிருக்கும். அன்றே ரத்தம் சோதிக்க வேண்டும். நெஞ்சுவலிக்குத் தரும் நிகோரான்டில்கூடச் சிலருக்கு ஆறாத புண்ணைக் கொண்டுவரும், ஆனால் அதை நீங்களாக நிறுத்தாமல் இருதய டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஈறு திடீரென்று வீங்கி ரத்தம் கசிகிறது, காய்ச்சல், உடம்பில் காரணமில்லாமல் கன்றிய நீலத் திட்டுகள்: அன்றைக்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

அவசரம் இல்லாததுபோல் வந்து ஏமாற்றுவது பெம்பிகஸ். வாயில் கொப்புளம் வரும், நாம் பார்ப்பதற்குள் உடைந்துவிடும், தோல் உரிந்த புண் மட்டும் மிஞ்சும். பல் விளக்கினாலே ஈறு தோல் சுருண்டு வரும். உடம்பில் கொப்புளம் வருவதற்குச் சில மாதம் முன்பே வாயில் தொடங்கிவிடுவது இதன் குணம், அதனால் அந்த மாதங்கள் எல்லாம் வாய்ப்புண் ஜெல்லிலேயே போய்விடுகின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சவ்வையே தாக்குகிற நோய் இது, தோல் மருத்துவரிடம் நீண்ட நாள் வைத்தியம் வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையைச் சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்துவது பெரிய ஆபத்து.

படி 8: செய்யக் கூடாதவை

ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துக் கன்னத்தை வேகவைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாத்திரை வயிற்றுக்குள் போக வேண்டியது. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து விட்டுவிடுவது, சுண்ணாம்பு தடவுவது, புண்ணைப் படிகாரத்தால் சுரண்டுவது எதுவும் வேண்டாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் புண்மேல் சுள்ளென்று எரியுமே தவிர ஆற்றாது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, குறைபாடு இருந்தால் வேலை செய்யும், இல்லையென்றால் சிறுநீர் மஞ்சளாகப் போகும்.

படி 9: எங்கே போவது, பயாப்ஸி என்றால் என்ன

அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. பெரிய பரிசோதனைக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சி.எம்.சி. இரண்டும் இருக்கின்றன. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் 2023-ல் அரசு தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாயும் சேர்ந்தது. ஊழியர்கள் சொன்னால் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். சி.எம்.சி. எதிரில் பெங்காலி எழுத்தில் போர்டு பார்த்திருப்பீர்கள். ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். நம் ஆள் ஒரு மணி நேர பஸ்ஸுக்கு "தை பொறக்கட்டும்" என்கிறார்.

போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, சுகர் ரிப்போர்ட், செல்போன் படங்கள், தேதி. பழக்கத்தை மறைக்காதீர்கள். நாங்கள் போலீஸ் இல்லை. எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை, எந்தப் பக்கம் அடக்குவீர்கள் என்று சொன்னால் அந்த இடத்தைக் கூடுதலாகப் பார்ப்போம்.

பயாப்ஸி என்றதும் பாதிப்பேர் அடுத்த முறை வருவதில்லை. "கத்தி பட்டா பரவிடும்." பரவாது. பரவுவது காத்திருப்பதால். மரத்துப்போக ஒரு ஊசி, சோதனைக்கு அரிசி மணி அளவுக்கு ஒரு துண்டு, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு தையல், கால் மணி நேரம். அன்று ராத்திரி ஆறிய சாதமும் மோரும். கொப்புள நோய் சந்தேகம் என்றால் இரண்டு துண்டு எடுப்பார்கள், ஒன்று வேறொரு திரவத்தில் தனிப் பரிசோதனைக்குப் போகும். இரண்டு பாட்டிலா என்று சண்டை போடாதீர்கள்.

ஆறாத புண்ணோடு காதுவலி, விழுங்கக் கஷ்டம், உதடு மரத்துப்போவது, காரணமில்லாமல் பல் ஆடுவது, பல் பிடுங்கிய குழி வாரக்கணக்கில் ஆறாமல் இருப்பது, கழுத்தில் உருண்டை இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள். பணத்துக்குப் பயந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், புற்றுநோய்ச் சிகிச்சை அதில் வரும்.

வைகாசியில் புண் வந்த அந்த அம்மாவுக்குப் புற்றுநோய்தான். விளிம்பு கட்டியாக இருந்தது, கழுத்தில் எதுவும் இல்லை. வேலூரில் நாக்கின் இடது ஓரத்தை மட்டும் எடுத்தார்கள். 'ழ' சரியாக வரவில்லை, "முன்னாடியும் வராது டாக்டர்" என்கிறார். முதல் வருஷம் மாதம் ஒருமுறை, பிறகு இடைவெளி விட்டு என்று பல வருஷம் வந்து காட்ட வேண்டும். பயாப்ஸியில் புற்று இல்லை, வெள்ளைப் படை மட்டும்தான் என்று வந்தவர்களும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். அதே இடத்தில் நிறமோ தடிப்போ மாறினால் மறுபடி ஒரு துண்டு எடுப்போம். ரிப்போர்ட்டின் ஒரிஜினலை நீங்கள் வைத்துக்கொண்டு டாக்டருக்கு ஜெராக்ஸ் கொடுங்கள். மழைத் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து, ரேஷன் கார்டு வைக்கிற பையிலேயே போட்டு வையுங்கள்.